நிறைகுடத்தோடு எதிரே வந்தவள்

எங்கள் ரிக் வண்டி ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் என் மகள்தான் நிறைகுடத்தோடு எதிரே வருவாள். மூன்று வயதிலிருந்தே அது அவள் வேலை. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடுகிற வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் இதெல்லாம் புதிதல்ல. பூசணிக்காய் உடைப்பார்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், கடைசியாக ராசியான ஆள் ஒருவரை எதிரே வரச் சொல்வார்கள். எங்கள் வீட்டு ராசியான ஆள் ஒரு சின்னக் குடத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பாவாடையில் சிந்தச் சிந்த நடந்து வருவாள். வண்டியில் உட்கார்ந்திருக்கிற அவள் அப்பா கையெடுத்துக் கும்பிடுவார். பெற்ற பிள்ளையைக் கும்பிடுகிற மனுசனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவளை ராசியான ஆளாக்கியது அவளுடைய இடது கண்.

ஒன்றரை வயதில் அந்தக் கண் மூக்குப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. முதலில் தூக்கம் வந்தால் மட்டும் திரும்பும். பிறகு எப்போதும் அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று சொன்னேன். என் வீட்டுக்காரரின் அக்கா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், நங்கையா என்று கூப்பிடுவேன். அவர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"அட, இது யோகக் கண்ணு அம்மிணி! பொட்டப் புள்ளைக்கு லேசா மாறுகண்ணு இருந்தா அந்த ஊட்டுக்கு லட்சுமி வந்துட்டான்னு அர்த்தம். இதையப் போயி டாக்டர்கிட்டக் காட்டறாளாமா!"

அந்தச் சமயத்தில் எங்கள் வண்டிக்கு நேரம் சரியில்லாமல் இருந்தது. ஆந்திரப் பக்கம் அடுத்தடுத்து மூன்று குழிகளில் புழுதிதான் வந்தது. நாலாவது குழிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டுப் பிள்ளை முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் வண்டி உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. அவ்வளவுதான், முடிந்தது கதை. அதற்குப் பிறகு யார் டாக்டர் பேச்சை எடுப்பார்கள்? நானும் எடுக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பெண்கள் அவள் தாடையைப் பிடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு, "கொடுத்து வெச்சவ நீ" என்று என்னிடம் சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அந்தக் கண்ணுக்கு மை கொஞ்சம் தூக்கலாகவே தீட்டி அனுப்பியவள்தான் நான். இன்றைக்கு நினைத்தால் என் கையை எதில் கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. பேச்சில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை கேட்ட பாட்டைத் திருப்பிச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் போதும், பிள்ளை வேறு ஆளாகிவிடுவாள். ஒரு வரியில் பாதியைப் படித்துவிட்டு மீதியை அடுத்த வரியிலிருந்து எடுப்பாள். ஆடு மரத்தில் ஏறும், குரங்கு புல் மேயும். முதல் இரண்டு நாள் நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. கணக்கு நோட்டில் பத்தாம் இடத்து எண்ணை ஒன்றாம் இடத்துக்குக் கீழே எழுதி வைப்பாள், கூட்டல் எப்படிச் சரியாக வரும்? கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் வகுப்பே எழுதி முடித்த பிறகும் இவள் மூன்றாவது வரியில் நிற்பாள். "கவனம் போதாது" என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். அடுத்த வாரமும் அதையே எழுதினார்கள்.

எனக்கு முன்கோபம் என்று ஊருக்கே தெரியும். பி.எஸ்சி. படித்த திமிர் வேறு. சாயங்காலம் பிள்ளையை எதிரே உட்காரவைத்து ஸ்கேலும் கையுமாக நான் உட்காருவேன். வரி தாண்டினால் ஒரு அடி.

"கண்ணு பொடனியிலயா இருக்குது? பாத்துப் படிடீ!"

"பாத்துத்தானுங்கம்மா படிக்கறேன்."

"பாத்துப் படிச்சா ஏன் தப்பு வருது? சோம்பேறி. உடம்பு பூரா சோம்பேறித்தனம்."

இந்தப் பேச்சை எத்தனை நாள் பேசியிருப்பேன்! தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினால் அதே பேச்சு. படியில் இறங்கும்போது கடைசிப் படி தெரியாமல் விழுந்தால் அதே பேச்சு. பிள்ளைகள் எல்லாரும் பந்து பிடிக்கும்போது இவள் மட்டும் பந்து மூஞ்சியில் பட்ட பிறகு கையைத் தூக்குவாள். அதற்கும் நான் கத்தியிருக்கிறேன்.

ஒரு கட்டத்தில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை பாடம் படிக்கும்போது காதில் வாங்கிக்கொண்டு, பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். வீட்டில் புத்தகத்தை விரித்து வைத்து விரலை ஓட்டிக்கொண்டு தண்ணி மாதிரி ஒப்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தோசை சுட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து விரல் ஒரு பக்கத்திலும் பாடம் வேறு பக்கத்திலும் இருந்ததைப் பார்த்தேன். ஏமாற்றுகிறாள் என்று அன்றைக்கு விழுந்த அடிதான் பெரிய அடி. ஆறு வயதுப் பிள்ளை காதாலேயே படித்துப் பிழைக்கப் பார்த்திருக்கிறது. அம்மாக்காரி அதைத் திருட்டு என்று நினைத்தாள்.

ஒன்றாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்கிறவர்கள் வந்தார்கள். மறுநாள் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. வலது கண்ணை மூடினால் பெரிய எழுத்தைக்கூடப் படிக்கவில்லை, உடனே கண் ஆஸ்பத்திரியில் காட்டவும் என்று எழுதியிருந்தது. இவள் அங்கேயும் விளையாடியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குப் பின்பக்கம் பொடக்காளிக் கதவைத் திறந்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, வலது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தினேன்.

"என்ன சாமி தெரியுது?"

"வெளிச்சம் தெரியுதுங்கம்மா. கதவு தெரியுதுங்க. நீங்க உக்காந்திருக்கறது தெரியுதுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க மூஞ்சியத்தான் காணோமுங்க."

பொத்திய கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு முழம் தூரத்தில் இருந்தேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, மறுபடி பார்த்து, அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். கண்ணில் கோளாறு இல்லையாம். கண் திரும்பியதால் இரண்டு கண்ணும் இரண்டு படம் அனுப்பியிருக்கின்றன. குழந்தையின் மூளை ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று தள்ளிவிட்டது. தள்ளித் தள்ளி அந்தக் கண் பார்க்கவே கற்றுக்கொள்ளவில்லை.

"சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லுவோம்மா. ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாததால வரி தாண்டும், ஆழம் தெரியாது, படியில விழுவாங்க. குழந்தை மேல தப்பே இல்ல."

சோம்பேறி. நான் தினமும் அவளைத் திட்டிய வார்த்தை. அந்தக் கண்ணும் சோம்பேறி இல்லை. அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

"இன்னும் சின்னதுலயே ஏம்மா கூட்டிட்டு வரல?" என்று கேட்டார்.

"யோகமுன்னு சொன்னாங்க டாக்டர்."

அவர் திட்டவில்லை. "இந்தப் பக்கம் நிறையப் பேரு அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வைத்தியம் ஒன்றுதான். கண்ணாடி போட வேண்டும், நன்றாகத் தெரிகிற வலது கண்ணைப் பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும். தினமும் ஆறு மணி நேரம். அப்போது வேறு வழியில்லாமல் இடது கண் பார்க்கப் பழகும். "விடாம ஒட்டணும்மா. இடையில நிறுத்தினா வந்த பார்வையும் திரும்பிப் போயிடும். எட்டு வயசு வரைக்கும் நல்ல காலம். அதுக்கு மேல போகப் போக மூளை கேட்காது." அவளுக்கு அப்போது ஆறரை. இன்னும் ஒன்றரை வருசம் இருக்கிறது என்று நான் பஸ்ஸில் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கூடம் போகும்முன் இரண்டு மணி நேரம், வந்த பிறகு நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். ஐயோ, அந்த முதல் மாசம்! பிளாஸ்திரிக்கு அடியில் வேர்த்துக் கொட்டும், தோல் சிவந்து பொரியும். கதவில் இடித்துக்கொள்வாள். சோற்றைக் கையால் தடவித் தேடுவாள். ஓரத்தைப் பிய்த்துவிட்டு நல்ல கண்ணால் ஒளிந்து பார்ப்பாள். பிடித்துவிடுவேன். அழுவாள் பாருங்கள், தெருவே வந்து எட்டிப் பார்க்கும்.

"வேண்டாமுங்கம்மா! இது ஊமைக் கண்ணுங்க! ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுங்க!"

நானும் அழுதுகொண்டேதான் ஒட்டினேன். ஆனால் ஒட்டினேன். துவரம்பருப்பைத் தட்டில் கொட்டி அதில் பாசிப்பயறைக் கலந்துவிட்டுப் பொறுக்கச் சொல்வேன். பெரிய மணியில் ஆரம்பித்துச் சின்ன மணிவரை கோக்கச் சொல்வேன். ஸ்கேலைத் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிட்டேன். மூன்றாம் மாசம் டாக்டர் பலகையில் மூன்றாவது வரியைப் படித்தாள். ஐந்தாம் மாசம் ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் பிளாஸ்திரியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஊமைக் கண்ணாலேயே, எதிரே நின்ற பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டினாள். "ஆ... ட்... டை... யாம்..." பஸ் நகர்ந்துவிட்டது. "மீதி ஓடிப் போச்சுங்கம்மா" என்று கவலைப்பட்டாள். ஆட்டையாம்பட்டி என்று நான் முடித்து வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக ஒரு ஊர்ப் பெயரை நான் சொன்னதில்லை.

அதற்கடுத்த வாரம்தான் வண்டி சத்தீஸ்கர் பக்கம் கிளம்பியது. நல்ல நேரம் காலை ஏழிலிருந்து ஏழரை. அப்போதுதான் பிளாஸ்திரி ஒட்டி முடித்திருந்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்த்தார்.

"சித்த நேரம் அதைய எடுத்துட்டுக் கூட்டிட்டு வாயேன்."

"இப்பத்தானுங்க ஒட்டுனேன். பிச்சா தோலோட வரும். இப்படியே வரட்டுமுங்க."

எங்கள் பக்கம் கிளம்பும்போது ஒற்றைக் கண் எதிரே வந்தால் ஆகாது என்பார்கள். எனக்கும் தெரியும். தெரிந்துதான் வீம்புக்குச் சொன்னேன். ஐந்தாவது வரி கொடுத்த தைரியம். அவர் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். பிள்ளை குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசற்படி இறங்குகிற இடத்தில் ஆழம் தெரியாமல் கால் வைத்தாள். குடம் உருண்டது. முட்டி தேய்ந்து பிள்ளை கீழே கிடக்கிறாள், எல்லார் கண்ணும் காலிக் குடத்தின்மேல் இருக்கிறது.

"கெரகம், கெரகம்" என்றார் நங்கையா. "ஒத்தக் கண்ணு, காலிக் குடம். வேற என்னடா வேணும்?"

ஒன்பதாம் நாள் போன் வந்தது. எழுநூறு அடியில் பாறை இடிந்து பாறையைத் துளைக்கிற ஹேமரும் பைப்புகளும் குழிக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. இருபது நாள் வண்டி அங்கேயே நின்றது. இழுத்த இழுப்பில் ஒரு ஆளுக்குக் கை விரல் நசுங்கியது. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பிள்ளையால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பாவுக்கு அதைய இன்னும் ஒட்டிட்டுத்தான் இருக்கறயா?"

"ஆமாங்க."

"ஒரு மாசம் நிறுத்திப் பாரு. கண்ணாடிதான் போட்டிருக்குதே."

பழியை அவர்மேல் போட்டால் எனக்குச் சுலபம். நங்கையாமேல் போட்டால் இன்னும் சுலபம். ஆனால் அவர் சத்தீஸ்கரில் இருந்தார், நங்கையா பக்கத்து வீட்டில் இருந்தார். பிளாஸ்திரிப் பெட்டியை எடுத்து சாமி அலமாரிக்குப் பின்னால் வைத்தது நான். ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் பயம். அந்த ஆளின் விரல் நசுங்கியதுகூட ஒட்டோடு பிள்ளை எதிரே வந்ததால்தானோ என்று தோன்றியது. பி.எஸ்சி. படித்தவள், டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் புரிந்தவள், நம்பினேன். இதை எழுதும்போது என்மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

"இன்னைக்கு இருந்து லீவு சாமி. டாக்டர் லீவு உட்டுட்டாங்க" என்று பிள்ளையிடம் சொன்னேன். அவள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நெசமாவுங்களா? நெசமாவுங்களா?" என்று குதித்தாள். அந்தக் கட்டிப்பிடிப்பை மறக்க முடியவில்லை. பிள்ளை அவ்வளவு நன்றியாக அதற்கு முன்னாலும் பின்னாலும் என்னைக் கட்டிக்கொண்டதில்லை.

அந்த மாசமே அடுத்த குழியில் தண்ணீர் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. பிறகு யாருக்குத் தைரியம் வரும்? ஒரு மாசம் என்றது பரீட்சை முடியட்டும் என்றானது, ஆடி நோம்பி போகட்டும் என்றானது, வண்டி வந்து போகட்டும் என்றானது. ஆஸ்பத்திரி சீட்டில் எழுதியிருந்த தேதியைத் தாண்டிவிட்டு, திட்டுவார்களே என்று போகாமல் இருந்தேன். கண்ணாடி போட்டிருக்கிறாள், நல்ல கண்ணால் எப்படியோ படித்துக்கொள்கிறாள், முன்னைவிடப் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு வயசுப் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். டாக்டர் சொன்ன எட்டு அதுதான் என்று கத்தியைப் பிடித்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இல்லை.

ஒன்பதரை வயதில் அவளாகவேதான் கேட்டாள். வளையப்பந்து விளையாட்டில் ஒரு தடவைகூடப் பிடிக்க முடியவில்லையாம், எந்தக் கட்சியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களாம். "அந்தப் பிளாஸ்திரிய மறுபடி ஒட்டலாமுங்களா?" என்றாள். சேலத்துக்குப் போனோம். அதே டாக்டர். இடது கண்ணுக்குப் பலகையில் இருந்த பெரிய எழுத்து மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. வந்ததெல்லாம் திரும்பிப் போயிருந்தது. "முயற்சி பண்ணிப் பார்ப்போம், சில குழந்தைங்களுக்கு இந்த வயசிலயும் கொஞ்சம் வரும்" என்றார் டாக்டர்.

இந்தத் தடவை அழுகை இல்லை. கண்ணாடி முன்னால் நின்று தானே ஒட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கும் ஒட்டிக்கொண்டே போனாள். கேலி செய்தார்கள், ஒற்றைக்கண்ணி என்று கூப்பிட்டார்கள். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாள், ஆனால் ஒட்டு மூஞ்சியில் இருக்கும். வண்டி கிளம்புகிற நாளில் நான் ஏதும் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரரே குடத்தை நங்கையா கையில் கொடுத்துவிட்டார். ஆறு மாசம். ஒரு நாள்கூடத் தவறவில்லை அவள். ஆறாம் மாச முடிவில் டாக்டர் பலகையை மாற்றி மாற்றிக் காட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"போதும் கண்ணு. இனிமே ஒட்ட வேண்டாம். நீ ரொம்ப நல்லாச் செஞ்ச."

"ஒரு நாளும் எடுக்கலீங்களே டாக்டர். ஒளிஞ்சுகூடப் பாக்கலீங்க."

"தெரியும்மா. உன் தப்பு இல்ல."

யார் தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆபரேசன் செய்தால் கண் நேராக நிற்கும், பார்வை மட்டும் வராது என்றார். மறு வருசம் அதைச் செய்தோம். கண் நேராயிற்று. நங்கையா பார்த்துவிட்டு, "யோகத்த அறுத்துப் போட்டுட்டு வந்துட்டீங்க" என்று மூக்கைச் சிந்தினார். பார்க்கிறவர்களுக்கு இப்போது ஒன்றுமே தெரியாது. நேரான, அழகான, ஊமைக் கண்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஆறாம் மாசக் கடைசி நாளில் காரில் நடந்ததை. சங்ககிரி தாண்டியிருப்போம். அவர் ஓட்டுகிறார், நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளை பின்னால் இருக்கிறாள். அவள் சொன்னாள்:

"அப்ப நான் அழுவாம இருந்திருக்கோணுமுங்கம்மா."

"எப்ப சாமி?"

"சின்னதுல. நான் அழுது அழுது அடம் புடிச்சதாலதானே லீவு உட்டாங்க. அழுவாம ஒட்டியிருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்குமுங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தன் கண் தன் அழுகையால்தான் போயிற்று என்று அந்தப் பிள்ளை இரண்டு வருசம் நம்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளை நம்பவிட்டோம். கண்ணைப் போக்கியதைவிட எனக்கு இது பெரிய பாவமாகப் படுகிறது.

இந்தத் தையில் வண்டி மறுபடியும் கிளம்பியது. அவளுக்கு இப்போது பன்னிரண்டு. நங்கையாவுக்குக் காய்ச்சல். கற்பூரம் எரிகிறது, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "பாப்பாவை வரச் சொல்லேன்" என்றார். அவள் குடத்தை எடுத்தாள். குழாயைக் குடத்தின் விளிம்பில் கையால் தொட்டுப் பார்த்து நேராக வைத்து நிரப்பினாள். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் செய்வாள் இப்போது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. போய்க் குடத்தைப் பிடுங்கினேன்.

"நீ அழுததனால இல்ல சாமி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"பிளாஸ்திரிய நிறுத்துனது நீ அழுததனால இல்ல. டாக்டரு லீவு உடல. பொய் சொன்னேன். நீ அன்னைக்கு ஒட்டோட எதிர்ல வந்து உழுந்தே. வண்டி மாட்டிக்கிச்சு. அதனால நாந்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். இந்த வண்டிக்காவ." வண்டி ஆட்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். "என்னைய ரெண்டு அடி அடிச்சுக்கூடப் போடு. ஆனா உன் தப்புன்னு மட்டும் நெனைக்காதே."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வலது கையைத் தூக்கி வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரான கண்ணால் என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பொடக்காளிக் கதவோரம் பார்த்த அதே தூரம்.

"இப்பவும் உங்க மூஞ்சியக் காணோமுங்கம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துச் சொல்வது மாதிரி சொன்னாள். கையை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் அப்பா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டியை எடுத்தார். யாரும் எதிரே வரவில்லை. குடம் என் கையிலேயே இருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் போன் செய்தார். முதல் குழி, முந்நூற்று இருபது அடி, நல்ல தண்ணீர். அப்புறம், "பாப்பாகிட்டச் சொல்லாதே" என்றார். அவர் எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அவள் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வரி தாண்டாமலிருக்க ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்திருந்தாள். பரண்மேல் எறிந்த அதே ஸ்கேல், எப்போது எடுத்தாளோ.

"அப்பாவுங்களா?"

"ம்."

"தண்ணி வந்துதுங்களா?"

அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வந்துது சாமி" என்றேன்.

"நான் வராமயேவா?" என்று கேட்டாள்.

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கி வைத்துவிட்டு அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தாள்.